எண்கள் முடிந்த இடத்தில்: வளையமாதேவிப் பக்கத்து வீடுகளில் டிஜிட்டல் இசை

நெய்வேலி அனல்மின் நிலையத்தில் டர்பைன் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது. நொடிக்கு 50. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுவதும் இந்தக் கணக்கில்தான். அங்கிருந்து தெற்கே, சேத்தியாத்தோப்புக்கு அருகில் இருக்கும் வளையமாதேவியில் ஒரு வீட்டுக் கூடத்தில் ஆம்ப்ளிஃபையரைப் போட்டுவிட்டு, பாட்டு எதுவும் ஓடாமல் ஸ்பீக்கர் அருகே காதை வைத்துப் பாருங்கள். அடியில் ‘ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கேட்டால் அதுவும் இந்த 50தான், இல்லாவிட்டால் அதன் இரட்டிப்பான 100.

உயர்தர டிஜிட்டல் ஒலியமைப்பை மேம்படுத்துவது பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டாக் (எண்களை மின்னலையாக்கும் கருவி), ஸ்ட்ரீமர், கேபிள் என்று பெட்டிகளிலிருந்தே தொடங்குகிறார்கள். இந்த ஊரை முன்னால் வைத்து யோசித்தால் அந்த வரிசை தலைகீழாகிறது. மின்சாரம், அறை, ஸ்பீக்கர், பதிவின் தரம் ஆகியவற்றுக்குச் செய்யும் செலவு காதுக்குத் தெரிகிறது. பெட்டிக்குள் எண்களைக் கூட்டிக்கொண்டு போகச் செய்யும் செலவு ஓர் எல்லைக்கு மேல் தெரிவதில்லை. லட்சக்கணக்கில் விலை சொல்லும் துறை இது. இங்கே ஓய்வூதியப் பணத்தில் ஆசையாக ஒன்றை வாங்க நினைப்பவருக்கு இந்த வரிசையைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் எண்களின் கதை. 1982இல் சோனியும் பிலிப்ஸும் குறுந்தகட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் 16 பிட் என்று வரையறுத்தார்கள். இது ஏதோ அந்தக் காலத்து வசதிக்குச் செய்த சமரசம் என்று பலரும் இன்றும் நம்புகிறார்கள். டிஜிட்டலில் ஒலியலை படிக்கட்டு மாதிரி வெட்டப்படுகிறது, மாதிரிகளைக் கூட்டினால் படிகள் நெருங்கி அலை வழவழப்பாகிறது என்பது கடைகளில் சொல்லப்படும் விளக்கம். அது தவறு. 1928இல் ஹாரி நைக்விஸ்ட் அடித்தளம் போட்டு 1949இல் கிளாட் ஷானன் நிறுவிக் காட்டிய தேற்றம் வேறு சொல்கிறது: ஓர் அலையில் இருக்கும் மிக உயர்ந்த அலைவெண்ணைவிட இரு மடங்குக்கு மேல் மாதிரி எடுத்துவிட்டால், அந்த அலையை முழுவதுமாகத் திரும்பப் பெறலாம். 44,100 மாதிரிகள் என்றால் ஏறத்தாழ 22,000 ஹெர்ட்ஸ் வரை எதுவும் விடுபடாது. இளங்காதின் எல்லையே 20,000. நடுவயது தாண்டிய காதுகளுக்கு 15,000 எட்டுவதே அரிது. 16 பிட் தருவது சுமார் 96 டெசிபல் வீச்சு, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையிலான தூரம்.

இதற்கு மேலே என்ன இருக்கிறது என்று கேட்டபடியே இந்தத் துறை அடுத்த நாற்பது ஆண்டுகளை ஓட்டியிருக்கிறது. 1999இல் சூப்பர் ஆடியோ குறுந்தகடு வந்தது. பிறகு 24 பிட், 96,000, 192,000 மாதிரிகள் என்று கோப்புகள் வந்தன. ஐந்து நிமிடப் பாட்டு குறுந்தகட்டு அளவில் சுமார் 53 மெகாபைட். அதே பாட்டு 24 பிட், 192,000 மாதிரிகளில் சுருக்காமல் வைத்தால் 345 மெகாபைட்டைத் தாண்டும். ஆறரை மடங்கு இடத்துக்கு ஆறரை மடங்கு இன்பம் கிடைக்கிறதா?

சோதித்திருக்கிறார்கள். 2007இல் மேயர், மோரன் இருவரும் ஒலிப்பொறியாளர் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்ட பரிசோதனை நேர்மையானது. உயர்தெளிவுப் பதிவு ஒன்றை அப்படியே ஒருமுறையும், நடுவில் குறுந்தகட்டுத் தரத்துக்கு இறக்கி ஒருமுறையும் கேட்கவைத்து, எது எது என்று கேட்டார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் இதே விடைதான் வந்திருக்கும். 2016இல் லண்டனைச் சேர்ந்த ஜோஷுவா ரைஸ் இப்படிப்பட்ட 18 பரிசோதனைகளைச் சேர்த்து, 12,000க்கும் மேற்பட்ட முயற்சிகளை அலசினார். மொத்தத்தில் சரியான விடை 52 சதவீதத்தை ஒட்டி வந்தது. முன்கூட்டியே பயிற்சி பெற்றவர்களிடம் அது 60 சதவீதத்தை நெருங்கியது. ஆகவே வேறுபாடே கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. பயிற்சி பெற்ற காது, அமைதியான அறை, கவனம் குவிந்த நிலை மூன்றும் சேர்ந்தால் மிகச் சிறிய ஏதோ ஒன்று பிடிபடலாம். அந்தச் சிறியதற்காக அமைப்பு முழுவதையும் மாற்றுகிறவர், அதைவிடப் பலமடங்கு பெரிய குறைகளைத் தன் கூடத்திலேயே வைத்திருக்கிறார் என்பதுதான் நான் சொல்ல வருவது.

2014இல் அறிவிக்கப்பட்ட எம்க்யூஏ என்ற முறையின் வரலாறும் இங்கே உதவும். உயர்தெளிவு ஒலியைச் சிறிய கோப்பில் மடித்துத் தருவதாகச் சொல்லி, அதை விரிக்க உரிமம் பெற்ற டாக் வேண்டும் என்றார்கள். உலகெங்கும் அதற்காகவே டாக் மாற்றியவர்கள் உண்டு. 2023இல் அந்த நிறுவனம் நொடித்து கைமாறியது. 2024இல் டைடல் இசைச் சேவை அதைக் கைவிட்டு, எல்லாரும் இலவசமாகப் பயன்படுத்தும் ஃபிளாக் வடிவத்துக்கே திரும்பியது. ஆப்பிள் மியூசிக் 2021லிருந்து இழப்பில்லாத ஒலியைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் தருகிறது. 128 கிலோபிட் எம்பி3இல், குறுந்தகட்டில் பதினொன்றில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு தட்டில் நூற்றைம்பது பாட்டு என்று பேருந்து நிலையத்தில் வாங்கிக் கேட்டவர்களுக்கு இது மெய்யான முன்னேற்றம். அந்த எம்பி3 தொகுப்பை இன்னும் வைத்திருந்தால், முதல் வேலையாக அதை இழப்பில்லாத கோப்புகளால் மாற்றுங்கள். தாளத்தட்டின் சிலிர்ப்பிலும், பாடகர் குரல் அடங்கும் இடத்திலும், பின்னணி வயலின்களின் ஓரத்திலும் வித்தியாசம் தெரியும்.

டாக் விஷயத்தைச் சுருக்கமாகவே முடிக்கலாம். இந்தக் கருவியின் இதயமான சில்லுகளைச் செய்பவர்கள் உலகத்தில் சிலர்தான்: இஎஸ்எஸ், சிரஸ் லாஜிக், ஜப்பானின் ஏகேஎம். 2020 அக்டோபரில் ஏகேஎம்மின் நோபெயோகா ஆலை தீப்பிடித்தபோது உலகெங்கும் டாக் தயாரிப்பாளர்கள் திண்டாடினார்கள். பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியும் பல லட்ச ரூபாய்ப் பெட்டியும் ஒரே கடையில் சில்லு வாங்குகின்றன என்று அப்போது பலருக்குத் தெரிந்தது. இன்று கைபேசியில் செருகும் ஆயிரம் ரூபாய் டாங்கிள்கூட இரைச்சல், திரிபு அளவீடுகளில் 16 பிட்டின் எல்லையை ஒட்டி நிற்கிறது. விலை கூடக் கூடக் கிடைப்பவை வேறு: உறுதியான பெட்டி, பல உள்ளீடுகள், ரிமோட், கடினமான ஹெட்ஃபோனையும் ஓட்டும் வலு. இவை தேவையென்றால் வாங்கலாம். ஒலி மாறும் என்ற நம்பிக்கையில் நல்ல டாக் ஒன்றை இன்னொரு நல்ல டாக்காக மாற்றுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். யுஎஸ்பி, நெட்வொர்க் கேபிள்களுக்கும் இதே விடைதான். எண் சரியாகப் போய்ச் சேர்கிறதா என்பதுதான் கேள்வி, சாதாரணக் கேபிளிலேயே சேர்ந்துவிடுகிறது. ஸ்ட்ரீமர் வேண்டுமென்றால் ஒரு ராஸ்பெர்ரி பை வாங்கி வோலுமியோ அல்லது மூட் மென்பொருளை ஏற்றினால் வேலை முடிந்தது.

இனி கூடத்துக்கு வருவோம். சித்திரை வெயிலில் கடலூர் மாவட்டத்தில் மின்விசிறி இல்லாமல் யாராலும் ஒரு ராகம் கேட்க முடியாது. முழு வேகத்தில் ஓடும் கூரை விசிறி அறைக்குள் ஏறத்தாழ 50 டெசிபல் இரைச்சலைப் போட்டுவைக்கிறது. வெளியே நிலைமை எப்படி? 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுக்கின்றன. ஆடி மாதத்தில் எந்தக் கிராமத்திலும் குழாய் ஸ்பீக்கர்கள் அந்த எல்லையைத் தாண்டிவிடுகின்றன. வீட்டில் நாம் தாங்கக்கூடிய உச்ச ஒலி 95 டெசிபல் என்று வைத்துக்கொண்டால், இரைச்சலுக்கும் உச்சத்துக்கும் இடையே 45 மிச்சம். இரைச்சலுக்கு அடியிலும் காது கொஞ்சம் துழாவிக் கேட்கும் என்பதற்காகப் பதினைந்து சேர்த்தால் 60. ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் வீதம் அது பத்து பிட். விசிறி ஓடும் அறையில் 16 பிட்டே முழுவதும் பயன்படுவதில்லை என்றால், 24 பிட்டின் 144 டெசிபல் எங்கே போய் நிற்கும்? இரைச்சல் குறைவான விசிறிக்கு மாறுவதும், கேட்கும் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் அடங்கிய குரலில் ஓடும் ஏசியைப் போடுவதும், கதவின் அடியில் ரப்பர் பட்டை வைப்பதும் டாக்கை மாற்றுவதைவிட அதிக பிட்களைக் கொடுக்கும்.

மின்சாரம் பற்றி உயர்தர ஒலி உலகில் பேசப்படுவதில் பாதி கற்பனை. துணைமின் நிலையத்திலிருந்து பல கிலோமீட்டர் சாதாரணக் கம்பியில் வந்த மின்சாரத்தை, கடைசி ஆறடியில் மட்டும் பல்லாயிரம் ரூபாய் பவர் கேபிள் போட்டுத் தூய்மையாக்க முடியாது. அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பதாலும் தனிச் சலுகை இல்லை. 2013இன் கடைசி நாளில் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது; அன்று முதல் வளையமாதேவி விளக்கும் வடக்கே இருக்கும் காற்றாலையும் ஒரே துடிப்பில் ஓடுகின்றன. அந்தத் துடிப்பை 49.90க்கும் 50.05க்கும் இடையே வைத்திருக்க வேண்டும் என்பது தேசிய விதி. ஆகவே தொகுப்பில் குறை இல்லை. குறை இருப்பது தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்கி நம் சுவர்வரை உள்ள கடைசித் துண்டில்.

அந்த டிரான்ஸ்ஃபார்மரிலேயே வயல் மோட்டார்களும் இருந்தால், ஒவ்வொரு மோட்டாரும் எடுக்கும்போது வோல்டேஜ் விழும். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து இரவும் பகலும் நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றுவதால் ஆழ்துளைக் கிணறுகளை மேலும் மேலும் ஆழமாக்க வேண்டியிருக்கிறது என்பது இச்சுற்றுவட்டார விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. ஆழம் கூடினால் மோட்டாரின் குதிரைத்திறனும் கூட வேண்டும். இங்கே ஆம்ப்ளிஃபையருக்கு ஒரு நல்ல ஸ்டெபிலைசர் வேண்டும், அதைத் தாண்டி ஆடம்பர ‘பவர் கண்டிஷனர்’ வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டர் பழைய ஸ்கொயர் வேவ் வகையாக இருந்தால், மின்தடையின்போது ஆம்ப்ளிஃபையர் கரகரக்கும், அதன் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் முனகும். சைன் வேவ் இன்வெர்ட்டராக மாற்றினால் அது ஒரே நாளில் நின்றுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலானது எர்த். பல கிராமத்து வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் கம்பி இருக்காது, இருந்தாலும் அது போய்ச் சேரும் குழி என்றோ காய்ந்திருக்கும். எலெக்ட்ரீஷியனை அழைத்துக் கரியும் உப்பும் போட்டு ஜிஐ குழாய் இறக்கிப் புதிய எர்த் குழி எடுங்கள். எதிர்ப்பு ஐந்து ஓமுக்குள் வருகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றுங்கள். டாக், ஆம்ப், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்கட்டும். ஸ்பீக்கரில் கேட்பது 50 ஹெர்ட்ஸ் முனகல் என்றால் குற்றம் பெரும்பாலும் எர்த்திலும் இணைப்புக் கேபிளிலும் இருக்கும். சற்று கூர்மையான, ரீங்கரிக்கும் 100 என்றால் ஆம்ப்ளிஃபையரின் உள்ளே மின்னூட்டப் பகுதியில் கப்பாசிட்டர் வயதாகிவிட்டது. இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் பின்னைக் கழற்றிவிடும் பழக்கம் உயிருக்கே ஆபத்து. எந்த நிலையிலும் அதைச் செய்யக் கூடாது.

அறைதான் இந்தக் கேள்வியின் மையம். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்தபோது இம்மாவட்டத்துக் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அதற்குப் பிறகு கான்கிரீட் தளம் போட்டவர்கள் செய்தது உயிருக்குப் பாதுகாப்பானது, சரியானது. ஒலிக்கு மட்டும் அது ஓர் இழப்பு. கீற்றும் மண்சுவரும் ஒலியை உறிஞ்சும். கான்கிரீட்டும் வழவழப்பான டைல்ஸும் ஏறத்தாழ அப்படியே திருப்பி அடிக்கும். சாமான் குறைவாக உள்ள கான்கிரீட் கூடத்தில் கையைத் தட்டினால் ஓசை ஒரு நொடிக்கும் மேல் அலைந்து ஓயும். இசை கேட்க அது அரை நொடிக்குள் அடங்க வேண்டும். பாடகர் ஓர் எழுத்தைச் சொல்லி முடித்து அடுத்ததற்குப் போகும்போது முந்தியது இன்னும் சுவர்களில் ஓடிக்கொண்டிருந்தால், அந்தப் பாடலின் தெளிவை எந்த டாக்கும் மீட்டுத் தராது.

இதைவிட மோசமானது அடிச்சுருதியின் குவிதல். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே, அவற்றின் தூரத்துக்கு ஏற்ற ஓர் அலைவெண் மட்டும் பெருகி நிற்கும். நம் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 347 மீட்டர் போகிறது. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையை எடுத்துக்கொண்டால், நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸிலும், அகலத்திலும் உயரத்திலும் 57 ஹெர்ட்ஸிலும் ஒலி திரளும். இரண்டு அளவு ஒன்றாக இருப்பதால் 57இல் இரட்டிப்பு. பேஸ் கித்தாரின் சில சுரங்கள் மட்டும் வீங்கி, பக்கத்துச் சுரங்கள் காணாமல் போவது இதனால்தான். 47 மின்சாரத்தின் 50க்கு மிக அருகில் இருப்பதால், எர்த் முனகலையும் அறை பெரிதாக்கிக் காட்டும். சதுர அறையும், உயரமும் அகலமும் ஒன்றான அறையும் கூடாது என்று சொல்வது இதற்காக. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் வரைபட நிலையிலேயே மூன்று அளவுகளையும் வெவ்வேறாக வைத்துக்கொண்டால் அதற்குத் தனிச் செலவே இல்லை.

கட்டி முடித்த அறைக்கு மருந்து நெய்வேலிக்காரர்களின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அனல்மின் நிலையங்களில் நீராவிக் குழாய்களுக்கும் கொதிகலன்களுக்கும் வெப்பம் காக்கச் சுற்றும் ராக்வூல்தான் ஒலியை உறிஞ்சும் பலகைகளுக்கும் உள்ளீடு. இன்சுலேஷன் வேலை செய்கிறவர்கள் எல்ஆர்பி மேட்ரஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். மரச்சட்டத்தில் அதை நான்கு அங்குலம் அடைத்து, நார் வெளியே வராதபடி நெருக்கமான துணியால் போர்த்தி, ஸ்பீக்கருக்கும் கேட்பவருக்கும் நடுவில் பக்கச்சுவரில் ஒலி முதலில் மோதும் இடத்திலும், பின்சுவரிலும், மூலைகளிலும் வையுங்கள். நாரைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவது பரவலான நம்பிக்கை. அதனால் பெரிய பயன் இல்லை, தீப்பற்றும் ஆபத்து வேறு. பலகைகள் நடு, மேல் சுருதிகளைச் சீராக்கும். 50 ஹெர்ட்ஸின் ஒரு அலை நீளமே 22 அடிக்கு மேல் என்பதால் அதை நான்கு அங்குலத்தால் பிடிக்க முடியாது. ஸ்பீக்கரையும் நாற்காலியையும் இடம் மாற்றிப் பார்ப்பதும், இரண்டு சப்வூஃபர்களை வெவ்வேறு சுவரோரம் வைப்பதும்தான் அங்கே உதவும்.

இங்கே வளையமாதேவிக்கென்று தனியாக ஒரு கேள்வி எழுகிறது. அறையைச் சீர்செய் என்பது உலகத்தில் எங்கும் நல்ல அறிவுரை. அந்த அறை எத்தனை நாள் நம்முடையது என்று தெரியாத இடத்தில்? 2023 ஜூலை 26ஆம் தேதி, நெய்வேலி இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாயை வெட்ட, இந்த ஊரின் விளைந்துகொண்டிருந்த நெல்வயல்களுக்குள் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. பயிர் போன நிலத்துக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரச் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 1956இல் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து சுரங்கம் விரிய விரிய இடம்பெயர்ந்த ஊர்களின் வரலாறு இப்பகுதி வீடு ஒவ்வொன்றின் பின்னாலும் இருக்கிறது. நெய்வேலி நகரியத்தின் குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கும் ஓய்வுபெற்ற பின் காலிசெய்ய வேண்டிய வீடு அது. சுவரில் ஆணியடிக்கவே யோசிக்க வேண்டும்.

அதனால் இங்கே தூக்கிக்கொண்டு போகக்கூடிய அமைப்பே அறிவான அமைப்பு. பலகைகளைச் சுவரோடு ஒட்டாமல் காலூன்றி நிற்கும் தட்டிகளாகச் செய்துகொள்ளலாம். புத்தக அலமாரி, கனத்த திரை, இலவம்பஞ்சு மெத்தை எல்லாம் லாரியில் ஏறும். மிக முக்கியமாக, அறையின் குறையை அளந்து திருத்தும் டிஜிட்டல் முறை இருக்கிறது. யூமிக் போன்ற அளவீட்டு மைக் ஒன்றும், ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் போதும். ஸ்பீக்கரிலிருந்து கீழ்ச்சுருதி முதல் மேல்சுருதி வரை ஓர் ஒலியை ஓடவிட்டால், அறை எங்கே வீங்குகிறது என்று வரைபடமாகக் காட்டும். 57இல் பத்து டெசிபல் மேடு இருந்தால் அதை மட்டும் கோப்பு ஓடும்போதே குறைத்துவிடலாம். டிராக் லைவ் போன்றவை இதையே தானியங்கியாகச் செய்கின்றன. மேட்டைக் குறைக்கலாம், பள்ளத்தை நிரப்ப முயலக் கூடாது. அது ஆம்ப்ளிஃபையரைத்தான் திணறடிக்கும். நாளை வேறு ஊருக்குப் போனால் மறுபடி அளந்து மறுபடி திருத்திக்கொள்ளலாம். டிஜிட்டல் தொழில்நுட்பம் இசை கேட்பவருக்குக் கொடுத்த மிகப் பெரிய கொடை இதுதான் என்பேன். கடைக்காரர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஸ்பீக்கரைத் தேர்வு செய்ய ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரின் ஆய்வுகளே இன்றும் வழிகாட்டி. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் அவர்கள் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கரை வைத்துக் கேட்கச் செய்து கண்டது: நேர்முகமாகச் சீரான ஒலியும், பக்கவாட்டிலும் அதே குணம் மாறாத ஒலியும் தரும் ஸ்பீக்கரையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள். 1994இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு முடிவும் முக்கியமானது. ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டவர்களின் மதிப்பெண்ணும் பார்க்காமல் கேட்டவர்களின் மதிப்பெண்ணும் வேறாக இருந்தன. கண் விலையையும் பளபளப்பையும் கேட்டுவிடுகிறது. இந்தியாவிலும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். கொல்கத்தாவின் சோனோடைன் 1970லிருந்து இயங்குகிறது. கொச்சியின் ரெதம் ஒற்றை டிரைவர் ஸ்பீக்கர்களுக்காக வெளிநாடுகளிலும் பேசப்படுகிறது.

கேட்டுப் பார்க்க நம்மிடம் மிருதங்கத்தைவிட நல்ல அளவுகோல் இல்லை. பெரும்பாலான தோற்கருவிகளில் மேல்சுருதிகள் ஒழுங்கற்றுச் சிதறும். மிருதங்கத்தில் நடுவே இடும் கரணையின் எடையால் அவை அடிச்சுருதியின் மடங்குகளாக ஒழுங்குபடுகின்றன. இதை 1920இல் சி. வி. ராமன் நேச்சர் இதழில் எழுதி, 1934இல் விரிவாக நிறுவினார். வலந்தலையின் சாப்பு மணியாக ஒலித்துச் சுருதியில் நின்று, இடப்பக்கத்துத் தொப்பி வீங்காமல் ஆழமாக ஒலித்து உடனே ஓய்ந்தால், அந்த ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து சரியாக இருக்கின்றன. பின்னால் தம்பூரா ஒரு கோடாக இல்லாமல் இழை இழையாகக் கேட்க வேண்டும். கடைக்குப் போகும்போது கடைக்காரர் போடும் விளம்பரப் பதிவைக் கேட்காமல், நமக்கு மனப்பாடமான கச்சேரி ஒன்றைக் கொண்டுபோய்க் கேட்கலாம்.

அறையே வேண்டாம் என்பவர்களுக்கு ஹெட்ஃபோன் இருக்கிறது. சுவரின் குறை எதுவும் அதில் இல்லை, பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவில்லை. சில ஆயிரம் ரூபாயில் இன்று கிடைக்கும் இன்-இயர்கள் பத்தாண்டுகளுக்கு முன் பல மடங்கு விலைக்குக் கிடைத்தவற்றுக்கு ஈடு கொடுக்கின்றன. ஆனால் காதின் நிலையை முதலில் அறிய வேண்டும். தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல் வரை அனுமதிக்கின்றன. சக்கர வாளி இயந்திரத்திலும் டர்பைன் கூடத்திலும் முப்பது ஆண்டு வேலை பார்த்த காதுக்கு 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுந்திருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஒரு ஆடியோகிராம் எடுத்துக்கொண்டால், எதை வாங்கலாம் என்பதைவிட எதை வாங்கத் தேவையில்லை என்பது தெரிந்துவிடும். மிச்சமிருக்கும் கேள்திறனைக் காக்க ஒலியளவைக் குறைத்தே கேட்கவும் அது நினைவூட்டும்.

கடைசியாகப் பதிவு. ஒரே பாட்டின் இரண்டு பதிப்புகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம், இரண்டு டாக்குகளுக்கு இடையே இருப்பதைவிடப் பல மடங்கு பெரிது. 1978இல் வந்த ‘ப்ரியா’, தமிழில் ஸ்டீரியோவில் பதிவான முதல் படப்பாடல்கள் என்று பெயர் பெற்றது. 1986இன் ‘ஹவ் டு நேம் இட்’ இளையராஜாவின் இசைக்குழுவை எவ்வளவு நுட்பமாகப் பதியலாம் என்று காட்டியது. ரகுமானின் பல படங்களுக்கு ஒலிப்பொறியாளராக இருந்து நான்கு தேசிய விருதுகள் பெற்று 2008இல் மறைந்த எச். ஸ்ரீதரின் வேலையில், ஒவ்வொரு கருவிக்கும் தனியிடம் கேட்கும். இப்படிப்பட்ட பதிவுகளைப் பின்னாளில் மறுபதிப்புச் செய்தபோது, பல நேரம் மெல்லிய இடங்களை உயர்த்தி உச்சங்களை நசுக்கிவிட்டார்கள். கைபேசியில் சத்தமாகக் கேட்க வேண்டும் என்பதற்காகச் செய்த காரியம். அப்படி நசுங்கிய பதிப்பு 24 பிட் என்ற பெயரோடு வந்தாலும் நசுங்கியதுதான். அதனால் சேகரிப்பவர்கள் 1980களின் கடைசியிலும் 90களிலும் அச்சான குறுந்தகடுகளைத் தேடி அலைகிறார்கள். அவர்கள் சரியான திசையில் செலவழிக்கிறார்கள். டிசம்பர் சீசன் மேடைக் கச்சேரிகளைச் சார்சுர் போன்ற நிறுவனங்கள் பதிந்து வெளியிட்ட குறுந்தகடுகளையும் கைவிடாதீர்கள். அரங்கின் காற்று அவற்றில் இன்னும் இருக்கிறது.

24 பிட்டுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு. அது கேட்கும் பக்கத்தில் இல்லை, பதியும் பக்கத்தில் இருக்கிறது. பதியும்போது உச்சம் எங்கே வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அளவைத் தாழ்த்தி வைத்துப் பதிந்தாலும் மெல்லிய ஒலி இரைச்சலில் மூழ்காமல் 24 பிட் காக்கும். இப்பகுதி வீடுகளின் பரண்களில் கேசட்டுகள் கிடக்கின்றன: தெருக்கூத்து இரவுகள், கல்யாண நாதசுரம், ஒப்பாரி, வடலூர்த் தைப்பூசத்தில் பாடிய அருட்பா, ஊர்த் திருவிழாவில் யாரோ கையடக்க டேப் ரெக்கார்டரில் பிடித்தவை. கடையில் விற்காத, எந்தச் சேவையிலும் கிடைக்காத பதிவுகள் இவை. கடலோர ஈரத்தில் நாடா ஒட்டுகிறது, பூஞ்சை படிகிறது. ஊர் இடம்பெயரும்போது முதலில் தொலைவதும் இவையே.

ஒலிப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐயாசா, இத்தகைய நாடாக்களை 24 பிட், 96,000 மாதிரிகளில் பதியப் பரிந்துரைக்கிறது, குறைந்தது 48,000. அதற்கு வேண்டியவை: பழுதுபார்த்த நல்ல கேசட் டெக் ஒன்று, ஒரு யுஎஸ்பி இன்டர்ஃபேஸ், ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பஞ்சும். ஒவ்வொரு நாடாவுக்கும் டெக்கின் தலையைச் சிறு திருகாணியால் கொஞ்சம் திருப்பி, மேல்சுருதி மிகத் தெளிவாகக் கேட்கும் கோணத்தில் நிறுத்திவிட்டுப் பதிய வேண்டும். டால்பி பொத்தானை, நாடா டால்பியில் பதியப்பட்டிருந்தால் ஒழியத் தொடக் கூடாது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலக் கோப்பில் பயன்படுத்தாமல், அதன் நகலில் மட்டும் பயன்படுத்த வேண்டும். பாடியவர் யார், எந்த ஊர், எந்தத் திருவிழா என்று தெரிந்ததைக் கோப்போடு எழுதி, இரண்டு வெவ்வேறு வீடுகளில் இரண்டு ஹார்டு டிஸ்குகளில் வைக்கலாம். பாடியவர்களோ அவர்கள் குடும்பத்தாரோ சம்மதித்தால், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையும் சம்ப்ரதாயா இசைக் காப்பகத்தையும் கேட்டுப் பார்க்கலாம். அடுத்த டாக்குக்கு ஒதுக்கிய பணத்தில் இந்த டெக்கும் இன்டர்ஃபேஸும் வந்துவிடும். மீதியில் எர்த் குழியையும் எடுத்துவிடலாம்.